மைதாச் சுவர்

எங்கள் பேக்கரியில் அந்த மாதம் நாற்பத்தெட்டு மூட்டை மைதா வந்து இறங்கியதற்குக் காரணம் என் வாய். வேண்டியது இருபத்துநாலு. நான் இருபத்துநாலு மூட்டைக்குச் சொல்லி அனுப்பினேன். என் நாத்தனாரும் வேறொரு கடையில் இருபத்துநாலு மூட்டைக்குச் சொல்லி அனுப்பினார். பத்தடி தூரத்தில் நின்று வேலை பார்க்கிற இரண்டு பேர் "சொல்லியாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நாற்பது நாளாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

சண்டை சின்னதுதான். ஒரு வாடிக்கையாளர் வந்து பன்னில் உப்புத் தூக்கல் என்றார். "மாஸ்டருக்கு நேத்து கோபம், கை கொஞ்சம் தாராளமாப் போயிருக்கும்" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். சத்தியமாக விளையாட்டுக்குத்தான். ஆனால் மாஸ்டர் சுடச்சுட ஒரு தட்டு பன்னோடு என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்தத் தட்டை அவர் மேஜையில் வைத்த சத்தம் எதிர்வீட்டு மாடி வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

மாஸ்டர் என்றால் என் நாத்தனார்தான். என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன், தெருவே மாஸ்டர் என்று கூப்பிடும். பதினாறு வருடத்துக்கு முன்னால் கணவரை இழந்து ஒரே ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவர். அப்போது இது வெறும் கடை. வெளியிலிருந்து ரொட்டி வாங்கி விற்றுக்கொண்டிருந்தோம். வந்த மறுமாதமே அண்ணி கொத்தனாரைக் கூட்டிவந்து, கொத்தனார் அடுக்கியதையெல்லாம் பிரித்துப்போட்டு, தானே உட்கார்ந்து அந்தச் செங்கல் அடுப்பைக் கட்டினார். கொத்தனார் கோபித்துக்கொண்டு போய், நாலு நாள் கழித்து ரொட்டி வாங்க வந்தார்.

அடுப்பு பின்கட்டு அறையின் மூலையில், இரண்டு பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடுப்பு உயரத்துக்கு மேடை, உள்ளே மணல் நிரப்பியது. அதற்குமேல் குடை மாதிரி வளைந்த செங்கல் கூடு, கூரைக்கு மேலே போகிற புகைபோக்கி. கூட்டுக்குள் விறகை எரிப்போம், கல் நன்றாகக் காய்ந்ததும் தணலை வெளியே இழுத்துவிட்டு, நீளக் காம்பு வைத்த மரத்துடுப்பால் ரொட்டியை உள்ளே தள்ளி, அந்தச் சூட்டிலேயே சுடுவோம். பதினாறு வருடமாக அது ஒருநாள்கூட முழுசாக ஆறியதில்லை. அதற்கு ஒரே ஒரு பகைதான். சூடாக இருக்கும்போது அடியில் குளிர்ந்த தண்ணீர் ஏறினால் கல் பாளம் பாளமாக வெடித்துவிடும். பின்கட்டைக் கழுவுகிற வாளியைக்கூட அண்ணி அடுப்புப் பக்கம் விடமாட்டார்.

பேச்சு நின்றபிறகு எங்களுக்கு டெலிபோனாக இருந்தவர் மாடியில் குடியிருக்கிற கண்டக்டர். பஸ்ஸில் இருபத்தைந்து வருடமாக விசில் ஊதுகிறவர். காலையில் டீக்குத் தொட்டுக்கொள்ள ரொட்டி வாங்க வருவார். "கண்டக்டர் சார், இன்னிக்கு நாப்பது ரொட்டி கூடப் போடணும்னு சொல்லுங்க" என்பேன் நான், அண்ணி காதில் விழுகிற மாதிரி. "கண்டக்டர் சார், போன வாரம் மிஞ்சினதை யார் தின்னாங்கன்னு கேளுங்க" என்பார் அண்ணி, என் காதில் விழுகிற மாதிரி. அவர் ரொட்டியை மென்றுகொண்டே இரண்டு பக்கமும் தலையாட்டுவார். நடுவில் நிற்பது அவருக்குப் பழக்கமான தொழில்.

இந்த நிலைமையில்தான் இரண்டாவது லோடு மைதா வந்தது. நானும் அண்ணியும் ஆளுக்கொரு கதவில் நின்று அதை இறக்குவதைப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. பழைய மூட்டை ஒன்று இன்னும் தீராததால் புதிதில் எதையும் பிரிக்கவில்லை. அதற்குப்பின் சரக்கறைக்குள் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது, அதுவும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

மழை ஆரம்பித்து நாலாவது நாள் காலை. என் வீட்டுக்காரர் வேனில் ரொட்டி கொடுக்கப் போயிருந்தார். பத்து மணிக்கு அவரிடமிருந்து போன்.

"பாலத்துக்கு அந்தாண்ட மாட்டிக்கிட்டேன். ஆத்துக்கரை உடைஞ்சிருச்சாம், தண்ணி நம்ம பக்கம்தான் வருதாம். ரெண்டு பேரும் மாடிக்குப் போயிடுங்க. அக்காகிட்ட சொல்லு."

"நீங்களே சொல்லுங்க."

"அடிப்பாவி, இப்பவுமா?" என்றார். அதோடு லைன் போய்விட்டது. கரண்டும் போய்விட்டது.

வேறு வழியில்லை. பின்கட்டுக்குப் போனேன். அண்ணி அப்போதுதான் அடுப்பிலிருந்து தணலை இழுத்து முடித்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்நூற்றிருபது ரொட்டிக்குப் பிசைந்த மாவு தட்டுகளில் பொங்கிக்கொண்டிருந்தது. நான் மாவைப் பார்த்துச் சொன்னேன்: "ஆத்துத் தண்ணி வருதாம். மாடிக்குப் போகச் சொல்றாரு உங்க தம்பி."

அண்ணி அடுப்பைப் பார்த்துச் சொன்னார்: "இதை யாரு மாடிக்குத் தூக்கிட்டுப் போறது?"

வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். தெருவில் கணுக்காலுக்குத் தண்ணீர். காப்பிப் பொடி நிறத்தில், மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல் ஒவ்வொரு வீட்டுப் படியாக விசாரித்துக்கொண்டு வந்தது. எங்கள் கடைக்கு மூன்று படி. பின்கட்டு கடையைவிட ஒரு படி பள்ளம்.

திரும்பி வந்தபோது அண்ணி அடுப்பின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கும்போது நிற்போமே, அந்த மாதிரி. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. வரிபோட வந்த அதிகாரியை ரொட்டித் துடுப்போடு வாசல் வரை கொண்டுபோய் விட்டவர் அவர்.

"இப்ப எல்லாத்தையும் அணைச்சாலும் நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஆறாது" என்றார். என்னிடம்தான் சொன்னார். "தண்ணி அரை மணியில வந்துடும். வெடிச்சிரும்."

எனக்கு அந்த நிமிடம் கோபமும் போயிற்று, நாற்பது நாளும் போயிற்று. மூளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சரக்கறை என் ராஜ்ஜியம். அடுப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மூட்டையைப் பற்றி என்னைக் கேட்கலாம். போன வருடம் கூரை ஒழுகி ஒரு மூட்டை மூன்று நாள் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அதைக் கிழித்தவள் நான்தான். வெளியே இரண்டு விரல் கனத்துக்குப் பசையாகி ஓடு போல இறுகியிருந்தது. உள்ளே மாவு தூசி பறந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"சுவர் கட்டலாம் அண்ணி."

"எதை வெச்சு? மணல் மூட்டையா இருக்கு?"

"மைதாவை வெச்சு."

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாவு ஒரு பிடி தரையில் சிந்தினால் நாள் முழுக்க முணுமுணுப்பவர். அவரிடம் போய் ஆற்றில் மைதாவை அடுக்கு என்றால்? நான் மூச்சுவிடாமல் ஒழுகின மூட்டைக் கதையைச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"வளவளன்னு பேசாத. தூக்கு."

நாற்பது நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் அதட்டல். எனக்கு அது தேனாக இனித்தது என்று சொன்னால் நம்புவீர்களா? இனித்தது.

ஒரு மூட்டை ஐம்பது கிலோ. முதல் மூட்டையை நாங்கள் இரண்டு பேரும் இழுத்த அழகைப் பார்த்து, மாடிப்படியில் நின்றிருந்த கண்டக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எதிர்வீட்டுத் தையல்காரரும் அவர் தம்பியும் தெருத் தண்ணீரைத் தாண்டி வந்தார்கள். கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். லீவு நாளிலும் அது அவர் பையில்தான் இருக்கும். ஒரு விசில் என்றால் மூட்டையை இறக்கு, இரண்டு விசில் என்றால் அடுத்ததற்குப் போ.

"உள்ள தள்ளி வை, உள்ள தள்ளி வை! நடுவுல எடம் காலியாக் கெடக்குது பாரு! முன்னாடி நிக்கிற மூட்டை எல்லாம் உள்ள போ!"

அடுப்பு மூலையில் இருந்ததால் இரண்டு பக்கம் மட்டும் சுவர் போதும். துடுப்பைப் பிடித்து ஒரு ஆள் நின்று வேலை செய்ய இடம் விட்டு, ஒரு வரிசைக்கு ஆறு மூட்டை வந்தது. இரண்டு வரிசையாக, ஒன்றை ஒட்டி ஒன்று, நாலு அடுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக நாற்பத்தெட்டு. நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த குடும்பமாக இருந்திருந்தால் ஒற்றை வரிசைதான், அதைத் தண்ணீர் ஊதித் தள்ளியிருக்கும்.

இந்த அவசரத்திலும் எங்களுக்கு ஒரு தகராறு. வெளிவரிசை தண்ணீரில் நனைந்து வீணாகப் போகும், உள்வரிசை பிழைக்கும். யார் வாங்கிய மூட்டையை எந்த வரிசையில் வைப்பது?

"நான் வாங்கினதை வெளியில போடுங்க" என்றேன்.

"வேண்டாம். அவ வாங்கினது நல்ல மைதா. என்னோடதை வெளியில போடுங்க" என்றார் அண்ணி.

"கண்டக்டர் சார், நான் சொல்றேன்ல..."

"கண்டக்டர் சார், அவ பேச்சைக் கேக்காதீங்க..."

கண்டக்டர் விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார். "ஏம்மா, ரெண்டு பேரும் நேருக்கு நேரா நிக்கிறீங்க, இன்னுமா நான் வேணும்? தண்ணிக்கு எந்த மூட்டை யாரோடதுன்னு தெரியுமா? தூக்குங்க!"

தையல்காரரின் தம்பி சிரித்துச் சிரித்து ஒரு மூட்டையைக் காலில் போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து நான் சிரித்தேன். அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டார். அது அவர் சிரிக்கிற விதம்.

கடைசி அடுக்கு ஏறும்போது பின்கட்டில் முழங்காலுக்குத் தண்ணீர். சுவருக்கு உள்பக்கத்தில் தரையைக் கழுவிவிடுகிற துளை ஒன்று உண்டு, அதன் வழியாகக் குமிழ்விட ஆரம்பித்தது. அண்ணி மாவில் ஒரு பெரிய உருண்டையைக் கிள்ளி எடுத்து அதில் திணித்து, மேலே ரொட்டித் தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் என்னை உட்காரச் சொன்னார். என் உடம்பைப் பற்றி இத்தனை வருடமாக அவர் செய்யாத கிண்டல் எல்லாம் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்தது.

"நகராத. உன்னை விட்டா இதுக்குப் பொருத்தமா வேற ஒண்ணும் இல்ல."

சுவர் நின்றது. வெளியே தண்ணீர் ஏற, மூட்டையின் துணியில் வெள்ளையாகப் பால் மாதிரி கசிந்து, அப்புறம் பசையாகி, அப்புறம் இறுகிப்போனது. உள்ளே எங்கள் காலடியில் லேசான ஈரம், அதற்குமேல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"சுவரைக் கட்டிட்டு உள்ள உக்காந்து வேடிக்கை பாக்குறதா?" என்றார் அண்ணி. "மாவு பொங்கி நிக்குது. தெரு முழுக்க மாடியில ஏறி உக்காந்திருக்கு. அவங்க எல்லாம் என்ன திம்பாங்க?"

வெளியே இடுப்பளவு வெள்ளம். உள்ளே மைதாக் கோட்டைக்குள் நாங்கள் இரண்டு பேர். எண்பது ரொட்டி ஒரு தடவைக்கு. அண்ணி துடுப்பால் உள்ளே தள்ளுவார், வெளியே எடுப்பார். நான் துளைமேல் உட்கார்ந்தபடியே தட்டை நீட்டுவேன், வாங்குவேன். கசிகிற தண்ணீரை ரொட்டி டின்னால் மொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் ஊற்றுவேன். சூடான ரொட்டி வாசனை அந்தச் சேற்று நாற்றத்துக்கு மேலே எழும்பியபோது, தெருவில் இருந்த எல்லா மாடியிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. கைதட்டலா கூச்சலா என்று சொல்லத் தெரியவில்லை.

கண்டக்டருக்கு வந்த யோசனைதான் யோசனை. மாவு பிசைகிற மரத்தொட்டி மிதந்துகொண்டிருந்தது. அதில் ரொட்டியை அடுக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு, தையல்காரர் முன்னால் இழுக்க, இவர் பின்னால் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் போனார். ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் ஒரு விசில். மேலேயிருந்து கயிற்றில் வாளி இறங்கும். தையல்காரர் வீட்டில் கயிறு இல்லை, புதுத் துணியை நீளமாகக் கிழித்து முடிந்து இறக்கினார்கள். யாருக்குத் தைக்க வந்த துணியோ, தெரியாது.

"ஒரு வீட்டுக்கு ரெண்டு ரொட்டி! குழந்தை இருக்கிற வீட்டுக்கு மூணு! தள்ளாத, தள்ளாத, பின்னாடி வண்டி காலியா வருது!" பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. பழக்க தோஷம்.

மூன்றாம் மாடி கணக்கு வாத்தியார் ரொட்டியை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு மேலேயிருந்து குரல் கொடுத்தார். "மாஸ்டரம்மாகிட்ட சொல்லுங்க, அடியில கொஞ்சம் கருகியிருக்கு!"

கண்டக்டர் அதைக் கொண்டுவந்து அப்படியே ஒப்படைத்தார். அண்ணி துடுப்பை நட்டமாக நிறுத்தினார்.

"திருப்பி அனுப்பச் சொல்லுங்க. நல்லதா மாத்தித் தரேன்னு சொல்லுங்க."

வாளி திரும்பி வந்தது. காலியாக. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, "இன்னும் ஒன்று" என்று.

மூன்று தடவை சுட்டு முடித்தோம். இருநூற்று நாற்பது ரொட்டி. நாலாவது எண்பது தட்டில் பொங்கி, வழவழவென்று, தொட்டால் அமுங்கி எழுகிற பதத்தில் இருந்தது. மணி மூன்று இருக்கும். தண்ணீர் நாலாவது அடுக்கின் பாதியைத் தொட்டிருந்தது.

அப்போதுதான் சுவர் நழுவியது. மைதா மூட்டையும் கட்டடச் சுவரும் சேருகிற மூலை. அடி மூட்டை ஊறி உட்கார்ந்துவிட்டது. சத்தமே இல்லை. என் கண்ணெதிரில், இரண்டு வரிசைக்கும் ஊடாக, விரல் கனத்துக்கு ஒரு தண்ணீர்க் கோடு அடுப்பு மேடையை நோக்கி ஓடி வந்தது. பிறகு கை கனத்துக்கு. நான் "அண்ணி!" என்று அலறினேன். எழுந்தால் துளை திறந்துகொள்ளும், உட்கார்ந்தால் மூலை போய்விடும்.

அண்ணி ஒரு தடவை அந்த எண்பது ரொட்டி மாவைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். இரண்டு கையாலும் தட்டிலிருந்து மாவை வாரி, மண்டியிட்டு, அந்த மூலையில் அறைந்தார். திரும்ப வாரினார். திரும்ப அறைந்தார்.

"அண்ணி, அது எண்பது ரொட்டி..."

"தெரியும்டி!" என்று கத்தினார். என்னைப் பார்க்கவில்லை, மாவைக் குத்திக்கொண்டே கத்தினார். "பதினாறு வருஷமா நான் தம்பி வீட்டுல திங்கிறேன்னு ஒருத்தர் சொன்னதில்ல. ஏன் தெரியுமா? தம்பிதான் என் அடுப்புல திங்கிறான். இது போச்சுன்னா நான் யாரு? பெட்டியைத் தூக்கிட்டு வந்தவ. அவ்வளவுதான். ஒரு வேளை சோத்துக்கு உன் முகத்தைப் பாத்துட்டு நிக்கிறவ."

நான் இப்படி ஒரு கோணத்தில் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவர் என்னை அதட்டிக்கொண்டே இருப்பார், நான் பயந்த மாதிரி நடித்துக்கொண்டே இருப்பேன், அந்த வீட்டில் மகாராணி அவர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பன் உப்பு என்று ஊரார் முன்னால் நான் சொன்னது எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

"கண்டக்டர் சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தார். "வெளிப்பக்கம் அந்த மூலையில முதுகைக் குடுத்து நில்லுங்க! நகராதீங்க!" பிறகு நான் துளைமேல் இருந்த தட்டின்மீது மிச்சமிருந்த விறகுக் கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அண்ணிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். அவர் மாவை அறைய அறைய நான் உள்ளங்கையால் அழுத்தினேன். பொங்கின மாவு சும்மா இருக்குமா? ஒவ்வொரு சந்துக்குள்ளும் புகுந்து உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. தண்ணீர்க் கோடு விரலானது, நூலானது, சொட்டானது.

மேடையின் அடிக்கல்லைத் தொட அரைச் சாண் பாக்கி. ஒரு சேலைத் தலைப்பைச் சுருட்டி அந்த ஈரத்தை ஒற்றி எடுத்தோம். என் சேலையா அவருடையதா என்று இப்போதும் தகராறு உண்டு.

எவ்வளவு நேரம் அப்படி அழுத்திக்கொண்டு இருந்தோம் என்று தெரியாது. கை மரத்துப் போயிற்று. கண்டக்டர்தான் முதலில் கவனித்தார். அவர் சட்டையில் மார்புக்குக் கீழே ஒரு ஈரக்கோடு, தண்ணீர் அதற்கு ஒரு விரல் கீழே இருந்தது. சற்று நேரம் கழித்து இரண்டு விரல் கீழே. விசிலை வாயில் வைத்து நீளமாக ஒரு ஊதல் ஊதினார். பஸ் கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிட்டால் ஊதுவாரே, அது. தெருவில் எல்லா மாடியும் ஆர்ப்பரித்தது.

மறுநாள் மாலை என் வீட்டுக்காரர் மீட்பு லாரியில் வந்து இறங்கினார். சேற்றில் நடந்து பின்கட்டுக்கு வந்து, மைதாச் சுவரைப் பார்த்தார், மாவு அப்பிய மூலையைப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். நாங்கள் விளக்குமாறு யாருடையது என்று வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

"ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றார். வெள்ளத்தைவிட அதுதான் அவருக்கு அதிசயம்.

ஆனால் அடுப்பு பிழைத்ததா என்று இன்னும் தெரியாது. தண்ணீர் நேராகப் படவில்லை, சரி. நாலு பக்கமும் ஊறிய மண், ஈரக் காற்று, பதினாறு வருடத்தில் முதல்முறையாக முழுசாக ஆறிய கல். மயிரிழை விரிசல் விட்டிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, நெருப்பு வைத்தால்தான் தெரியும். விரிசல் இருந்தால் புகை அதன் வழியாக வெளியே வரும். அண்ணி நாலு நாள் காத்திருந்தார். அந்த நாலு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை, யாரையும் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை சின்னதாக நாலு சுள்ளி வைத்தார். அதற்குள் தெருவே பின்கட்டில் கூடிவிட்டது. கண்டக்டர் ஆளாளுக்கு ஓர் இடம் பிரித்துக் கொடுத்தார். இடது பக்கம் தையல்காரர், மேல்கூடு அவர் தம்பி, முன்வாய் நான், கணக்கு வாத்தியார் மேடைக்கு அடியில் குனிந்தபடி. பின்சுவருக்கு அந்தப் பக்கம், சந்தில், கண்டக்டரே போய் நின்றார். அண்ணி தீக்குச்சியைக் கிழித்தார். முதல் குச்சி நமத்துப்போய் அணைந்தது. இரண்டாவது பிடித்தது.

சுள்ளி படபடத்தது. புகை கூட்டுக்குள் சுருண்டது.

"இடது பக்கம் புகை இல்ல!" என்றார் தையல்காரர்.

"மேல இல்ல!"

"அடியிலும் இல்லை" என்றார் வாத்தியார். கணக்கை ஒரு தடவை சரிபார்ப்பவர் மாதிரி மறுபடி குனிந்து பார்த்து, "நிச்சயமாக இல்லை" என்றார்.

"இங்க இல்ல அண்ணி" என்றேன் நான்.

பின்பக்கத்திலிருந்து சத்தமில்லை. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்டக்டர் சார்?" என்றேன். பதில் இல்லை. என் வீட்டுக்காரர் சந்தை நோக்கி ஓடினார். அவர் போவதற்குள் கண்டக்டர் எதிரில் ஓடி வந்தார், கையை ஆட்டிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு.

"மேல... மேல பாருங்க! புகைபோக்கியில! அங்க மட்டும்தான் வருது! நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்லணும்னு சந்துக்கோடி வரைக்கும் போயிட்டேன்! நேரா, கோடு போட்ட மாதிரி போகுது!"

"அதை அங்கேயிருந்தே ஊதித் தொலைக்கக் கூடாதா மனுஷா!" என்றார் அண்ணி. "உயிரே போயிடுச்சு!" அப்படியே தரையில் உட்கார்ந்தார். சிரித்தார். உதட்டைக் கடிக்கிற சிரிப்பு இல்லை, வாய் திறந்து, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். வாத்தியார் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

எல்லோரும் புகைபோக்கியைப் பார்க்கத் தெருவுக்கு ஓடிய பிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

"அடுப்பு போயிருந்தாலும் நீங்க யார் முகத்தையும் பாத்துட்டு நிக்க வேண்டியதில்ல அண்ணி. நான் விட்டிருக்க மாட்டேன்."

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விட்டிருக்க மாட்ட. அது எனக்கு இப்பத் தெரியும்" என்றார். "ஆனா நீ வந்து அப்படிச் சொல்ற நிலைமைக்கு நான் வரக்கூடாது பாரு. அதுக்குத்தான் எனக்கு அடுப்பு."

நியாயமான பேச்சு. என் இடத்தில் அவர் இருந்து, அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அவர் என் தோளைப் பிடித்து எழுந்து, அடுப்புக்குள் எட்டிப் பார்த்து, நாலு விறகை உள்ளே தள்ளினார். உள்வரிசையில் அந்த மூலை மூட்டையைத் தவிர மற்ற எதையும் தண்ணீர் தொடவில்லை. அதில் ஒன்றைப் பிரித்து, எத்தனை ரொட்டிக்குப் பிசைய வேண்டும் என்று கேட்டேன்.

"வாசல்ல எத்தனை பேர் நிக்கிறாங்க?" என்றார்.

நான் போய் எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க நின்றது, அண்ணாந்து பார்த்துக்கொண்டு.